நான்கு மூலை மஞ்சள்

ஐந்து டொலர்த் தாள் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் பிராங் கொடுப்பார்கள் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? பிரசாந்தினியின் அம்மா நம்பவில்லை. "உன்ரை வேலையிடத்துச் சனத்துக்கு மூளை கழண்டு போச்சுதோ?" என்று சுவிஸின் ஆரா நகரத்திலிருந்து தொலைபேசியில் கேட்டவர், மகள் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டார்.

விளக்கம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருந்த சின்னச் சின்ன வங்கிகளும் அரசின் அனுமதியோடு தங்கள் பெயரில் தாள்காசு வெளியிட்டன. தாளில் வங்கியின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும், பதிவு எண் இருக்கும், வங்கித் தலைவரும் காசாளரும் போட்ட கையெழுத்து இருக்கும். பெரிய நகரத்து வங்கியின் தாள் என்றால் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணூறு பேர் இருந்த ஊரில் பத்து வருடம் நடந்து மூடப்பட்ட வங்கியின் தாளென்றால் கதையே வேறு. உலகத்தில் அப்படி எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தது எங்கே கிளம்பும் என்று காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பொழுது போகாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அவர்களில் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள், நீதிபதிகள் இருக்கிறார்கள்.

பிரசாந்தினிக்கு முப்பத்தொரு வயது. ஆராவில் பிறந்து வளர்ந்தவள். பாசலில் ஓர் ஏல நிறுவனத்தின் தாள்காசுப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. அந்த ஆறு வருடமும் அவள் எழுதியதற்கெல்லாம் கீழே தன் பெயரைப் போட்டவர் பிரிவின் தலைவர் கீசின். சும்மா சொல்லக் கூடாது, கீசின் நல்ல மனிதர்தான், ஆனால் பெயர் பெயர்தானே. 2018 மே மாத ஏலத்துக்கான புத்தகத்தில், அமெரிக்கத் தாள்கள் வரும் பக்கங்களில், மதிப்பிட்டவர் என்று முதன்முறையாக அவள் பெயர் அச்சாகப் போகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டமாக இருந்தது.

மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அந்தத் தாள் வந்து சேர்ந்தது. மினசோட்டாவில் எல்ம் ஃபோர்க் என்ற ஊரின் வங்கி வெளியிட்டது. முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் பழுப்பு, நடுவில் பெரிதாகப் பதிவு எண். பட்டியலில் அந்த வங்கிக்கு இரண்டே இரண்டு தாள்தான், இது மூன்றாவது. அனுப்பியவர் கூர் நகரத்தில் பழைய நாணயக் கடை வைத்திருக்கும் லோகர். கூடவே ஒரு கடிதம்: கிராவுபுண்டன் மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று, அமெரிக்கா போய்த் திரும்பிய பாட்டன், அவர் வேதாகமத்துக்குள் வைத்த தாள், நூறு வருடத்துக்கு மேலாக எந்தக் கையும் படாமல் அப்படியே இருந்தது. குடும்பத்தின் பெயரை வெளியிட விருப்பமில்லை.

பிரசாந்தினி பூதக்கண்ணாடியால் பார்த்தாள். மடிப்பு இரண்டு, கிழிசல் இல்லை, கையெழுத்தின் மை மங்கவில்லை. பிறகு பார்த்தால், நாலு மூலையிலும் விரல் நுனி அளவில் இளமஞ்சளாய் ஒரு கறை. புறஊதாக்கதிர் விளக்கைப் போட்டாள். நாலு மூலையும் பச்சையும் மஞ்சளுமாய்ப் பளீரென்று எரிந்தன.

"ஆல்பத்தில் ஒட்டி வைத்த பசை," என்றார் கீசின், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "மூலைகளில் பழைய ஒட்டின் தடயம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்."

பசை அந்த விளக்கில் நீலவெள்ளையாகத் தெரியும். இது பசையில்லை. இது என்னவென்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் பிரசாந்தினிதான், தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. மஞ்சள்! கறிக்குப் போடுகிற அதே மஞ்சள். கல்யாண அழைப்பிதழுக்கு, புதுக் கணக்குப் புத்தகத்துக்கு, வீட்டுக்கு வந்த நல்ல கடிதத்துக்கு நாலு மூலையிலும் தொட்டு வைப்பார்களே, அது. அம்மாவுக்கு அது ஒரு நோய் மாதிரி, எந்தத் தாளைக் கண்டாலும் பூசாமல் விடமாட்டார். பிரசாந்தினியின் சுவிஸ் கடவுச்சீட்டு வந்த அன்று, தூதரகமெல்லாம் பார்க்கும் அம்மா என்று கத்திப் பறித்துத்தான் அதைக் காப்பாற்றினாள்.

கிராவுபுண்டன் மலையில் மாடு வைத்திருந்த பாட்டன், நூறு வருடத்துக்கு முன்னால், வேதாகமத்துக்குள் இருந்த தாளுக்கு மஞ்சள் பூசினாராம். நல்ல கதை! இந்தத் தாள் அண்மையில் ஏதோ ஒரு தமிழ் வீட்டுச் சாமி அறையில் இருந்திருக்கிறது. அப்படியானால் லோகரின் கடிதம் பச்சைப் பொய். யாரிடமிருந்து, எப்படி அவர் கைக்குப் போனது?

பழைய ஒட்டின் தடயம் என்று நாலு சொல் எழுதிவிட்டால் பாடு முடிந்தது. அவள் பெயர் அச்சாகும், கீசினுக்கு நிம்மதி, லோகர் அடுத்த வருடமும் சாமான் அனுப்புவார். எழுதாவிட்டால், எங்கே பார்த்தாலும் தன் ஆட்களையே காண்கிற தமிழ்ப் பெட்டை என்று பெயர் வரும். ஆறு வருடமாக அந்தப் பெயர் வராமல் பார்த்துப் பார்த்து நடந்தவள் அவள். இரண்டு நாள் அந்தக் குறிப்பை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கூருக்கு ரயில் ஏறினாள்.

கூரில் சிறீதரனின் கடைக்குப் போனால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தார். வெண்டிக்காய் விற்பார், ஊருக்குக் காசு அனுப்புவார், ஆர் ஆரோடு கோபம் என்பதும் அவருக்குத் தெரியும். பிரசாந்தினி ஒரு பை முறுக்கு எடுத்து வைத்துவிட்டுத் தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"அண்ணை, இந்தத் தாளை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

"உது தில்லையக்காவின்ரை ஐஞ்சு டொலர் எல்லே!" சிறீதரன் படத்தைப் பெரிதாக்கியும் பார்க்கவில்லை. "போன ஒக்டோபர் மாத்தித் தாங்கோ எண்டு என்னட்டைக் கொண்டு வந்தவ. இவ்வளவு பெரிய அளவில டொலர்த் தாளை நான் என்ரை சீவியத்தில காணேல்லை. கள்ளத்தாளாக்கும் எண்டு பயந்துபோய், ஸ்ரேசனடியில பழைய காசு வாங்கிற கடை இருக்கு, அங்க கொண்டுபோங்கோ எண்டு அனுப்பிப்போட்டன்."

ரயில் நிலையத்தடிப் பழைய காசுக் கடை லோகருடையது.

"எவ்வளவு குடுத்தவராம்?"

"முப்பது பிராங். மனுசி சந்தோசத்தில எனக்கு வடை சுட்டுக் கொண்டுவந்து தந்தது." அவள் முகத்தைப் பார்த்துச் சிறீதரனின் சிரிப்புக் குறைந்தது. "ஏன் தங்கச்சி, ஏதும் பிரச்சினையோ?"

தில்லைநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறார். கணவர் இறந்து ஆறு வருடம், இரண்டறை வீட்டில் தனியாக இருந்தார். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தவர், வாசலில் நின்ற பிரசாந்தினி ஏல நிறுவனம் என்றும் ஐந்து டொலர் என்றும் சொல்லி முடிப்பதற்குள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் களவெடுக்கேல்லை பிள்ளை."

"ஐயோ அன்ரி, ஆரும் அப்பிடிச் சொல்லேல்லை. உள்ளுக்கு வரலாமோ?"

தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். கதை நேராகத்தான் வந்தது. போன வருடம் ஜூன் மாதம் ஓர் அமெரிக்கக் கிழவரும் மனைவியும் பத்து நாள் அந்த ஹோட்டலில் இருந்தார்கள். கிழவரின் முன்னோர் இந்தப் பக்கத்து ஆட்களாம், கல்லறைகளைத் தேடித் திரிந்தார்கள். மனைவியின் மூக்குக்கண்ணாடி தொலைந்துபோக, தில்லைநாயகி கட்டிலைப் புரட்டிச் சுவரோரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு மேசையில் இந்தத் தாளும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன.

"பதினாலு வருசத்தில என்ரை பேரைப் போட்டு ஒருத்தரும் காசு வைச்சதில்லை. அதுதான் சாமிப் படத்தடியில வைச்சு மஞ்சள் பூசினனான்." சட்டென்று நிமிர்ந்தார். "நான் பழுதாக்கிப் போட்டனோ? காசு கட்டச் சொல்லுவினமோ?"

பிரசாந்தினி இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு பெறுமதியைச் சொன்னாள். தில்லைநாயகி சந்தோசப்படுவார் என்று நினைத்திருந்தால் அது அவளுடைய பிழை. அந்த மனுசியின் முகம் வெளிறிப்போனது.

"பதினெட்டாயிரமோ? வேண்டாம் பிள்ளை. உதை இப்பிடியே விடு."

"அன்ரி, அவர் உங்களை ஏமாத்தியிருக்கிறார். பெறுமதி தெரியாத ஆளிட்டை இப்பிடி வாங்கினால் ஒரு வருசத்துக்குள்ளை விற்பனையை முறிக்கலாம், சட்டம் இருக்கு. இன்னும் ஏழு மாதம் கிடக்கு."

"சட்டம் உனக்கு இருக்கும். ஒரு கெஸ்ற் தங்கின அறைக்குள்ளை இருந்து பதினெட்டாயிரம் பெறுமதியான சாமான் எனக்கு வந்ததெண்டால் முதல்ல என்ன கேட்பினம்? மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கைக்கடிகாரம் காணாமல் போச்சு. ஒரு போர்த்துக்கல் பெட்டையையும் எங்கட பிள்ளை ஒண்டையும் அண்டைக்கே வேலையால நிப்பாட்டினவை. அடுத்த கிழமை மணிக்கூடு குளியலறை மிதியடிக்குக் கீழ கிடந்தது. திருப்பிக் கூப்பிட்டவையோ? இல்லை."

தேத்தண்ணீர் ஆறிப்போனது. பிரசாந்தினி எழும்பி மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வந்த கோபம் லோகர் மீதா, இந்த மனுசி மீதா, தன் மீதா என்று அவளுக்கே விளங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், போகிற போக்கில் சொன்னாள்:

"புத்தகத்தில என்ன போடப்போறம் எண்டாவது கேளுங்கோ அன்ரி. ஒரு சுவிஸ் குடும்பத்தின்ரை பைபிளுக்குள்ளை இருந்ததாம். நூறு வருசமா ஒருத்தற்றை கையும் படேல்லையாம்."

தில்லைநாயகி கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

"என்னெண்டு சொன்னனீ?"

"எந்தக் கையும் படாததெண்டு."

"எந்தக் கையும் படேல்லையோ?" ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது என்ன? இது கையில்லையோ? அவற்றை கடை மேசையில இந்தக் கையாலதானே எடுத்து வைச்சனான்! முப்பது பிராங்கை எண்ணி இதுக்குள்ளைதானே வைச்சவர்!" குரல் மேல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். "பொறுக்கி! காசு போனால் போகட்டும் எண்டு பார்த்தால், என்னைக் கையில்லாத ஆளாக்கிப் போட்டான்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், தடித்த நீலக் கோப்பொன்றைத் தூக்கிவந்து மேசையில் போட்டார். தஞ்சம் கேட்டு வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் அவர் கையில் கிடைத்த எந்தத் தாளையும் எறிந்ததில்லை. ஒரு கடிதம் தவறினால் விசா தவறும் என்று முதல் மாதமே யாரோ பயமுறுத்திவிட்டார்கள், அந்தப் பயம் இருபத்திரண்டு வருடமாகக் கோப்புக் கோப்பாக அலுமாரியில் நிற்கிறது. 2017 என்று எழுதியிருந்த பகுதியில் பல் வைத்தியரின் பற்றுச்சீட்டுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் நடுவில் இரண்டு துண்டுத் தாள்கள் இருந்தன. ஒன்று லோகரின் கடைச் சீட்டு: பழைய டொலர்த் தாள் ஒன்று, முப்பது பிராங், ஒக்டோபர் 19. மற்றது ஹோட்டல் குறிப்புத்தாள். தில்லைக்கு, மனைவியின் கண்ணாடியைத் தேடித் தந்ததற்கு நன்றி, இது என் பாட்டனாரின் அப்பா வேலை செய்த வங்கியின் ஐந்து டொலர் என்று கிழவர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"நாளைக்குக் காலமை நானே மனேச்சரிட்டைப் போறன்," என்றார் தில்லைநாயகி. "ஆரும் சொல்லி அவர் கேட்கிறதுக்கு முந்தி நான் சொல்லிப்போடுறன். நீ உன்ரை ஆளிட்டைச் சொல்லு."

வியாழக்கிழமை காலை பிரசாந்தினி தன் ஆளிடம் சொன்னாள். கீசின் முழுவதையும் கேட்டுவிட்டு, எதிர்பார்த்த கேள்வியைத்தான் முதலில் கேட்டார்: "அந்தப் பெண்ணுக்கு அது எப்படிக் கிடைத்தது?"

அவள் இரண்டு துண்டின் பிரதியையும் மேசையில் வைத்தாள். கீசின் நீண்ட நேரம் வாசித்தார்.

"ஒரு மசாலாவை வைத்தா இதைக் கண்டுபிடித்தீர்கள்?"

"ஆம். பசை என்று நான் எழுத மாட்டேன். என் பெயர் வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள்."

ஆறு வருடத்தில் அவள் அவரோடு அப்படிக் கதைத்ததில்லை. கீசின் கோபிக்கவில்லை. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரை தவணை கேட்டார். "அமெரிக்கர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்," என்றார்.

அமெரிக்கருக்கு ஹோட்டல் மனேச்சர் எழுதினார். தாளின் பெறுமதியையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர் தில்லைநாயகி. அந்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போனார், வந்தார், ஒருவரோடும் கதைக்கவில்லை. மற்றப் பெண்கள் இருக்கும் இடத்துக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடுகிறது என்று சிறீதரன் பிரசாந்தினிக்குச் சொன்னார். பதினெட்டாயிரம் என்று கேள்விப்பட்ட பிறகு, தந்ததை இல்லையென்று சொல்ல எந்த மனிதனுக்கும் ஆசை வரும். கிழவர் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் தில்லைநாயகி கள்ளிதான், வேறு பேச்சே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரசாந்தினிக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை கிழவரின் பதில் வந்தது. நான்தான் வைத்தேன், அவருக்காகத்தான் வைத்தேன் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் அதைப்போல் இன்னொன்று இருக்கிறது, இரண்டும் ஐந்து டொலர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தந்தது தந்ததுதான். ஆனால் அடுத்த முறை வரும்போது புதுத் தாளாகப் பார்த்து வைப்பேன் என்று கடைசியில் ஒரு பகிடியும் விட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தில்லைநாயகி நீலக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பாசலுக்கு வந்தார். லோகரும் வந்தார், கோட்டும் டையுமாக. அந்தப் பெண் கேட்ட விலையைத்தான் கொடுத்தேன், திருப்தியோடுதான் போனார் என்று தொடங்கினார். கீசின் அவரை முடிக்க விடவில்லை.

"உங்கள் கடிதத்தில் நூறு வருடம் வேதாகமத்தில் இருந்தது என்கிறீர்கள். உங்கள் பற்றுச்சீட்டில் ஒக்டோபர் பத்தொன்பது என்கிறீர்கள். இரண்டில் எதை நான் அச்சிடட்டும்?"

லோகர் இரண்டு தாளையும் பார்த்தார். பிறகு அழகாகப் பின்வாங்கினார்: ஏதோ குழப்பம், அவருடைய கடையில் பல பொருட்கள் வருகின்றன, முப்பது பிராங்கைத் தந்தால் தாளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தில்லைநாயகி மூன்று பத்துப் பிராங் தாளை மேசையில் வைத்தார். லோகர் எடுக்கப் போக, கையை அதன்மேல் வைத்தார்.

"பற்றுச்சீட்டு," என்றார் ஜெர்மனில். லோகர் எழுதிக் கொடுத்தார். அது கோப்புக்குள் போன பிறகுதான் காசு மேசையை விட்டு எழும்பியது.

லோகர் போனதும் கீசின் தாளை உரிய மரியாதையோடு தில்லைநாயகியின் முன்னால் வைத்துவிட்டுக் கோப்பி எடுத்துவரப் போனார். தில்லைநாயகி அதைத் தொடவில்லை.

"வீட்டை கொண்டு போறியளோ அன்ரி, ஏலத்துக்கு விடுறியளோ?"

"என்ன கதை கதைக்கிறாய்? விடு. எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு, எத்தினை நாளைக்குக் குனிஞ்சு கட்டில் விரிக்கிறது?" கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லு, மஞ்சளோட எவ்வளவு போகும்?"

"மறைக்காமல் எழுதவேணும். எழுதினால் பதினோராயிரம் மட்டில."

"மஞ்சள் இல்லாட்டிப் பதினெட்டு." தில்லைநாயகி கணக்குப் பார்த்தார். "அப்ப ஏழாயிரம் பிராங்குக்கு மஞ்சள் பூசியிருக்கிறன்! என்ரை கலியாணத்துக்கே அவ்வளவு மஞ்சள் பூசேல்லை." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரசாந்தினிக்கும் அடக்க முடியவில்லை. கோப்பியோடு வந்த கீசின் என்னவென்று விளங்காமல் வாசலில் நின்றார்.

பிறகு படிவம் நிரப்பும் வேலை. முகவரி, வங்கிக் கணக்கு, அடிவிலை. கடைசிக் கேள்வி, உரிமையாளரின் பெயரை அச்சிடலாமா என்பது. இந்த நாட்டில் அதற்கு ஆம் என்று சொன்ன ஒருவரையும் பிரசாந்தினி ஆறு வருடத்தில் கண்டதில்லை. கேட்கிற பழக்கம்கூட விட்டுப்போய்விட்டது. இல்லை என்ற கட்டத்துக்குப் பேனையைக் கொண்டுபோனாள்.

"அதென்ன, கேட்காமல் போடுறாய்?"

"பேரைப் போடலாமோ எண்டு கேட்டிருக்கு அன்ரி. ஒருத்தரும் போடுறேல்லை. லோகரும் போடேல்லைத்தானே. உங்களுக்கும் அதுதான் நல்லது, ஹோட்டலில சனம் தேவையில்லாமல் கதைக்கும்."

"கதைக்கட்டும். நாலு நாளாக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கினம்." தில்லைநாயகி பேனையை அவள் கையிலிருந்து வாங்கி மற்றக் கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டார். "களவெடுத்தவைதான் பேரை ஒளிக்கிறது. தில்லைநாயகி இராசையா, அறை துப்புரவுப் பணி, கூர். முழுசாப் போடு. மஞ்சள் பூசினதும் நானெண்டு போடு."

பிரசாந்தினி கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தில்லைநாயகி எழும்பி வந்து, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று திரையில் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.